குளிருக்கு 2 இரவு: ஊட்டியா, கொடைக்கானலா, ஏற்காடா?

கார்த்திகை தீபம் முடிந்து அகல் விளக்குகளைத் துடைத்து உள்ளே வைக்கும்போதே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சென்னைக்காரர்களுக்குக் குளிர் என்பது ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டிய சமாசாரம். வீட்டுக்காரர் ஊட்டி என்பார். நான் கொடைக்கானல் என்பேன். "எங்க வேணா போங்க, என்னை மேடு ஏற வைக்காதீங்க" என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. மகளுக்கு 11 வயது, எந்த ஊரானாலும் சைக்கிள் ஓட்ட வேண்டும். மகனுக்கு 6 வயது. மலைப்பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் வாந்தி எடுத்துவிடுவான். அந்தக் கணக்கில் அவன் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஐந்து பேர், 2 இரவு. இந்த மூன்று ஊருக்கும் வெவ்வேறு வருஷங்களில் மார்கழியிலோ தையிலோ போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தப்புக் கணக்குப் போட்டு, அதற்கான விலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். இந்த ஒப்பீடு அந்தத் தப்புகளிலிருந்து எழுதியது.

"பார்க்கவேண்டிய இடங்கள்" பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவே வராது. மூன்று ஊரிலும் ஏரி, படகு, பூங்கா, காட்சிமுனை எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது காலை நேரம். தை மாதத்தில் சூரியன் ஆறே முக்கால் சுமாருக்குத்தான் எழும், மாலை ஆறேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் பகலும் முழுசாகக் கிடைக்காது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று சூடாகி, ஈரத்தோடு சரிவில் மேலே வரும். மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். மதியம் 2 மணிக்குக் காட்சிமுனைக்குப் போனால் பெரும்பாலும் வெள்ளைத் திரைதான். கொடைக்கானல் தூண்பாறையில் வண்டி நிறுத்தக் காசு கொடுத்து, நுழைவுச்சீட்டும் வாங்கி, முக்கால் மணி நேரம் அப்படி ஒரு திரையைப் பார்த்துவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. "இதை நம்ம வீட்டுச் சுவத்துலயே பாத்திருக்கலாமே" என்றாள் மகள்.

ஆக, உருப்படியான நேரம் காலை 7 மணியிலிருந்து 1 மணி வரைதான். 2 இரவு தங்கினால் அப்படிப்பட்ட காலைகள் இரண்டு கிடைக்கும், சாமர்த்தியமாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டரை. அவற்றை எந்த ஊர் வீணாக்காமல் கொடுக்கிறது, அந்த ஊருக்குப் போய்ச் சேரும் வழியை நம் வீட்டு உடம்புகள் தாங்குமா. நான் இந்த இரண்டை மட்டும்தான் பார்க்கிறேன்.

ஊருக்கு முன்னால் தேதி

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வாய்ப்பு மூன்றே மூன்று: அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, குடியரசு தினத்தை ஒட்டி வரும் நாட்கள். முதல் இரண்டிலும் மலை ஏறாதீர்கள் என்பதுதான் என் கட்சி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பொங்கலில் காணும் பொங்கல்வரை அதே கதை. ஒருமுறை டிசம்பர் 30-ஆம் தேதி கொடைக்கானல் நுழைவாயிலில் இருந்து ஊருக்குள் போக நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் வத்தலக்குண்டுக்கே திரும்பிப் போயிருக்கலாம்.

டிசம்பருக்கு இன்னொரு குறை, மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் பாதிவரை இழுக்கும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் பழனி மலையும் இந்த மழையை நேரடியாக வாங்கும் இடங்கள். மண் சரிந்து பாதை அடைபடுவதும், மலை ரயிலைச் சில நாட்கள் நிறுத்திவைப்பதும் அந்தப் பருவத்தில் அதிசயமில்லை. பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி 20-க்குமேல் பிப்ரவரி நடுப்பகுதிவரை வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். பள்ளியில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு அந்த வாரங்களில் ஒன்றில் போவது, விடுமுறையில் போவதைவிட எவ்வளவோ மேல். வகுப்பு ஆசிரியர் முறைப்பார். ஒரு நாள்தானே, தாங்கிக்கொள்ளலாம்.

குளிர் எவ்வளவு குளிர்?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130, ஏற்காடு சுமார் 1,515. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் நடுவே நாலைந்து டிகிரி வித்தியாசம் அதிலேயே வந்துவிடுகிறது. ஜனவரி இரவில் ஏற்காட்டில் ஒரு ஸ்வெட்டர் போதும். கொடைக்கானலில் ஸ்வெட்டரோடு குல்லாவும் வேண்டும். ஊட்டியில் இவையெல்லாம் போட்டுக்கொண்டும் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க மனசு வராது.

ஊட்டிக்காரர்கள் குளிரை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். முதலில் வருவது நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. உறைபனி விழும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அறை பார்ப்பதற்கே உதவும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டைவிட ஏரியோரம், குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி அதிகம். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பார்க்க அங்கே போங்கள். தூங்குவதற்குச் சரிவில் அறை எடுங்கள்.

அறை எடுக்கும்போது "வெந்நீர் எந்த நேரத்தில் வரும், ஹீட்டர் தருவீர்களா, கூடுதல் கம்பளி உண்டா" என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஒரு விடுதியில் வெந்நீர் காலை 7 முதல் 8 வரை மட்டும் என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து பேர், ஒரு மணி நேரம், ஒரு குளியலறை. அன்றைய காலை அதிலேயே போயிற்று. இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குளிருக்குக் கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அணைந்ததுபோல இருக்கும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. மலையூர்களில் அப்படித் தூக்கத்திலேயே இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

வயதானவர்களைப் பற்றிப் பலரும் கேட்பது, உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று. இந்த உயரத்தில் மூச்சு முட்டும் மலை நோய் பொதுவாக வருவதில்லை. ஆஸ்துமா, மூட்டுவலி, ரத்த அழுத்தம் இருப்பவர்களைப் படுத்துவது விடிகாலைக் குளிர்தான். அம்மாவை 8 மணிக்கு முன்னால் அறையை விட்டு வெளியே விடுவதில்லை என்று நாங்களே ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். அவர் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஊட்டி, அல்லது ஊட்டிக்கு ஒரு படி கீழே

ஊட்டிக்குப் பலம் ஊட்டி இல்லை, அங்கே போகும் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-இல் வந்தது, 1908-இல் ஊட்டி வரை நீண்டது, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் வரும் அளவுக்குச் செங்குத்து. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, அதைப் பற்றிக்கொண்டு ஏறும் பல்சக்கரம். இந்தியாவில் இப்படி ஓடும் ஒரே ரயில் இதுதான். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், அதனால் முதல் பெட்டியில் இருப்பவர்களுக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்காது. "அம்மா, நம்மள யாரோ பின்னாடியிருந்து தள்ளறாங்க" என்று மகன் சொன்னது முழுக்க உண்மை.

வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த ரயில் ஒரு வரம். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். காரிலோ பேருந்திலோ போனால் என் மகனுக்கு பர்லியார் தாண்டுவதற்குள் பை தேவைப்படும். ரயிலிலும் வளைவு 208 இருக்கிறது, ஆனால் அது மணிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதால் வயிற்றுக்கு ஒன்றும் தெரிவதில்லை. குகைக்குள் நுழையும்போதெல்லாம் பெட்டி முழுக்கக் கத்துவார்கள். 16 குகை, 16 கத்தல். ஹில்குரோவில் நிற்கும்போது குரங்குகளிடமிருந்து வடையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலை ஆறு மணிக்குமேல் மேட்டுப்பாளையம். மலை ரயில் 7.10-க்குக் கிளம்புகிறது. ஊட்டி சேரும்போது மதியம் ஆகிவிடும். முதல் காலையை ரயிலிலேயே செலவழித்தாயிற்று, ஆனால் அதை வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிக்கல் டிக்கெட்டில்தான். இடம் குறைவு. முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்றே உட்கார்ந்தால்தான் உண்டு.

இனி, வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் நான் சொல்லவேண்டியது. குளிர்காலத்தில் ஊட்டி நகரம் அதன் சிறந்த கோலத்தில் இருக்காது. 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்கு மே மாத மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். உறைபனிக்குப் பயந்து சின்னச் செடிகளைக் கோத்தகிரி மிலார் தழையால் மூடிவைத்திருப்பார்கள். பாத்திகள் கோடைக்காக நாற்றுக்குக் காத்திருக்கும். பெரிய மரங்களும் புல்வெளியும் எப்போதும்போல அழகு, அது வேறு. தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெளிவான காலையில் போனால் அருமை. ஆனால் பூங்கா, ஏரி, தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா எல்லாம் ஒன்றுக்கொன்று தள்ளியிருப்பதால் ஒவ்வொன்றுக்கும் வண்டி பிடிக்க வேண்டும். நம் பொன்னான காலை, வண்டிக்குப் பேரம் பேசுவதிலும் சேரிங் கிராஸ் நெரிசலிலும் கரைகிறது. முதல் தடவை நாங்கள் செய்த தப்பு அதுதான்.

அடுத்த தடவை குன்னூரிலேயே இறங்கிவிட்டோம். அங்கே சேரும்போது மணி பத்தரையைத் தாண்டியிருக்காது, பாதிக் காலை மிச்சம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் என்பதால் ஊட்டியைவிட இரண்டு, மூன்று டிகிரி இதம். அம்மா அன்று இரவு இரண்டாவது கம்பளி கேட்கவில்லை. 1874-இல் அமைத்த சிம்ஸ் பூங்கா சரிவில் படிப்படியாக இறங்கும். அம்மா மேல்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்க, நாங்கள் மட்டும் கீழே குளம்வரை போய்வந்தோம். லாம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ் இரண்டும் ஒரே சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன. மறுநாள் காலை குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயில். இந்தப் பகுதிக்கு டீசல் எஞ்சின்தான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரும். கேத்திப் பள்ளத்தாக்கு வரும்போது இடம் பிடித்து ஜன்னலோரம் நிற்க வேண்டும். ஊட்டியை அப்படி ஒரு பகலுக்கு மட்டும் பார்த்துவிட்டு இறங்கியதில் யாருக்கும் குறை இல்லை.

மருத்துவ வசதி நினைப்பு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. கொடைக்கானலிலும் அரசு மருத்துவமனை உண்டு, ஆனால் பெரிய சிகிச்சைக்கு மலை இறங்கி வரவேண்டியிருக்கும்.

கொடைக்கானல்

என் ஓட்டு எப்போதும் கொடைக்கானலுக்குத்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. காலையை வீணாக்காத ஊர் என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. பேருந்து நிலையத்தை ஒட்டி அறை எடுத்துவிட்டால் கோக்கர்ஸ் வாக், பிரயண்ட் பூங்கா, ஏரி மூன்றுக்கும் வண்டியே வேண்டாம். ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் ஏழரைக்குக் கோக்கர்ஸ் வாக்கில் நிற்கலாம்.

1872-இல் மலையின் விளிம்பில் வெட்டிய நடைபாதை அது, ஒரு கிலோமீட்டர் இருக்கும். தை மாதக் காலையில் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். சில நாள் மேகம் நமக்குக் கீழே பாய் விரித்ததுபோலக் கிடக்கும். சூரியன் முதுகுப்பக்கம் இருந்து எதிரே பள்ளத்தில் மேகம் நின்றால், நம் நிழலே அந்த மேகத்தின்மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும் என்பார்கள். நாங்கள் மூன்று தடவை காத்திருந்தோம், மூன்று தடவையும் மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். பாதை சமமாகப் போடப்பட்டது, லேசான சரிவுதான். அம்மா பிடிமானம் இல்லாமலே நடந்துவிட்டார்.

ஏரி 1863-இல் வியர் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் உண்டாக்கியது. நட்சத்திரம்போல் கால்கள் நீட்டிக் கிடக்கும், சுற்றிவரச் சுமார் 5 கிலோமீட்டர் தட்டையான சாலை. மகளுக்குச் சைக்கிள் இங்கேதான். வாடகைக்கு எடுத்து இரண்டு சுற்றுப் போனாள், மூன்றாவதுக்கு அவள் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார். படகு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் இந்த ஊரில் அரைநாள் கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் போகும்.

தூண்பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் முனை எல்லாம் 12 மைல் சுற்றுச்சாலையில் வருபவை. அதற்கு இரண்டாவது நாள் காலையை முழுசாக ஒதுக்கி, தூண்பாறையை முதலில் பார்த்துவிடுங்கள். மேகம் ஏறிய பிறகு பைன் காடு பரவாயில்லை, மூடுபனியில் அது இன்னும் நன்றாகவே இருக்கும். 400 அடித் தூண்கள் மூன்றும் மேகத்துக்குள் போய்விட்டால் என்ன செய்ய முடியும்? மதியத்துக்குமேல் பூம்பாறைப் பக்கம் போகலாம், அடுக்கடுக்கான வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் இருக்கின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இந்த வட்டாரத்துச் சரக்கு. அம்மா ஒரு கிலோ வாங்கினார், திரும்பும் ரயில் பெட்டி முழுக்க மணத்தது. அறிவியல் பிடித்த பிள்ளைகளுக்கு 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது இங்கேதான். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகவேண்டும்.

அப்புறம் ஏன் ஒவ்வொரு வருஷமும் கொடைக்கானலுக்கே போவதில்லை? வழிதான் காரணம். சென்னையிலிருந்து மதுரைப் பக்க ரயிலில் வந்தால் விடியுமுன் கொடை ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அரைத்தூக்கத்தில் பிள்ளைகள், இருட்டு, அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு தாண்டியதும் தொடங்கும் வளைவுகள் ஊர் வரைக்கும் ஓய்வதில்லை. ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி என்று எண்ணிக்கொண்டே போனால் முடிவு தெரியும். இங்கே எண்ணவும் முடியாது, முடியவும் முடியாது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்தி மகனின் முகம் கழுவி, சட்டை மாற்றி, மறுபடி ஏற்றினோம். ஊர் சேர்ந்ததும் முதல் காலை முழுக்கத் தூங்கினான், அவனுக்குக் காவலாக ஒருவர் அறையில். மதுரை, திண்டுக்கல், திருச்சிக்காரர்களுக்கு இந்தக் குறை பாதியாகிவிடும். மதுரையிலிருந்து 120 கிலோமீட்டருக்குள்தான், பிள்ளைகளை நன்றாகத் தூங்கவைத்துவிட்டு விடிந்த பிறகு கிளம்பலாம். அந்தப் பக்கத்துக்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், கொடைக்கானல்தான்.

காரில் போவோருக்கு ஒன்று: 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இணையத்தில் இலவசமாக எடுக்கலாம், அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விஷயத்தில் இரண்டு இடமும் கண்டிப்பு, எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போனால் சோதனைச்சாவடியில் வாக்குவாதம் மிச்சம்.

ஏற்காடு

ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்று சொல்லிச் சொல்லியே அதன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். அது ஊட்டியே இல்லை, காப்பி மலை. டிசம்பர், ஜனவரியில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். செடியில் சிவப்பாகக் கொத்துக்கொத்தாகப் பழம், தோட்டத்துக் களத்தில் காயும் கொட்டை, காற்றில் லேசான புளிப்பு வாசனை. காப்பி என்பது பொடியாகவே விளைகிறது என்று நினைத்திருந்த என் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம். மிளகும் தோட்டத்து நிழல் மரங்களில் ஏறிக் கிடக்கும்.

சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சுமார், ஒரு மணி நேரம். வளைவு 20 இருந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மகன் அங்கேயும் மூன்றாவதில் தொடங்கினான், ஆனால் அழுது முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. சேலம் வழியாக ஈரோட்டுக்குப் போகும், சேலத்தில் நடுச்சாமம் கழிந்து இறக்கிவிடும். காரில் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குச் சேலம் வருவதுதான் சுகம்.

பகோடா முனை, சேர்வராயன் கோயில் இருக்கும் மொட்டைக் குன்று, இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகள், ஆர்க்கிட் செடிகளுக்குப் பேர்போன தாவரவியல் தோட்டம். கிளியூர் அருவியில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் தண்ணீர் இருக்கும், ஆனால் நிறையப் படி இறங்க வேண்டும், அம்மா வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது நாள் மதியத்தில் "அடுத்து என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்து ஒன்றும் இல்லை. ஒரே இரவு கிடைத்தவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், குளிர் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதைவிடச் சரியான ஊர் கிடையாது. நடுங்கவேண்டும் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் வேறு மலை பார்த்துக்கொள்ளலாம்.

மூணாறையும் வால்பாறையையும் ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். மூணாறு தேனிப் பக்கத்துக்காரர்களுக்கு நல்ல தேர்வு, போடிமெட்டு ஏறினால் வந்துவிடும். சென்னையிலிருந்து 2 இரவுக்கு அது கட்டாது. வரையாடு பார்க்க இரவிகுளம் போவதாக இருந்தால் ஜனவரிக்குள் போய்விட வேண்டும், குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடுவது வழக்கம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. என் மகனை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, ஊர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிடத் தேதிகளுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் பெரிது. டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஒரு விடுதியில் சொன்ன வாடகையில் பாதிதான் ஜனவரி நாலாவது வாரத்துக்கு அதே அறைக்குச் சொன்னார்கள். ஊருக்குள் போனபின் பணத்தைத் தின்பது வாடகை வண்டி. அந்த வகையில் நடந்தே சுற்றும் கொடைக்கானலும், ரயிலிலேயே போய்வரும் குன்னூரும் கையைக் கடிக்காதவை.

இந்த வருஷம் பேச்சு அதிகம் நீளவில்லை. காலைகளை மட்டும் பார்த்தால் கொடைக்கானல், ஆனால் மகனின் வயிற்றையும் கூட்டிப் பார்த்தால் குன்னூர். நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். ஜனவரி நாலாவது வாரம், வெள்ளி ஒரு நாள் விடுப்பு, சரிவில் ஒரு விடுதி, வெந்நீர் நாள் முழுக்க உண்டு என்று இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டாயிற்று. ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பும் ரயில், குன்னூரில் நம்மை ஏற்றிக்கொண்டு ஐந்தரை சுமாருக்கு மேட்டுப்பாளையம் இறக்கிவிடும். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு அங்கே சாவகாசமாகச் சாப்பிட நேரம் இருக்கிறது.

முன்பதிவு திறந்த அன்று வீட்டுக்காரர் காலை ஏழே முக்காலிலிருந்தே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஐந்து இடமும் ஒன்றாகக் கிடைத்தன, வரும்போது மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கிறது. மகளுக்குச் சைக்கிள் இல்லை என்று ஒரு வாரமாக முறைப்பு. அம்மா மட்டும் பரணிலிருந்து குரங்குக் குல்லாவை இறக்கி, ரசகற்பூர உருண்டை வாசனை போக மொட்டை மாடியில் காயப்போட்டிருக்கிறார். கீழே 31 டிகிரி வெயில்.